ரிப்பேருக்கு அப்புறம் சோலார் மக்கர் பண்ணினால்

எங்கள் ஏற்காட்டு வீட்டு மொட்டை மாடியில் வெந்நீர் போகும் பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் துருப்பிடித்து ஒழுக ஆரம்பித்ததால், லைன் முழுவதையும் வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்கான சி.பி.வி.சி.க்கு மாற்றினோம். கூடவே சோலார் வாட்டர் ஹீட்டரில் கெட்டுப்போயிருந்த கண்ணாடி டியூப்களையும் மாற்றினோம். டியூபின் அடிமுனை பளபளவென்று வெள்ளி நிறத்தில் இருக்க வேண்டும். அது வெள்ளையாக வெளுத்துவிட்டால் உள்ளே வெற்றிடம் போய்விட்டது, அப்புறம் அது வெறும் கண்ணாடிதான்.

பிளம்பர் சேலத்திலிருந்து வந்தவர். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வீடு போய்ச் சேர வேண்டியவர்களுக்கு மூன்று மணிக்கு மேல் வேலையில் கை நிற்காது. "காலையில பாருங்கக்கா, கொதிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காலையில் வெந்நீர்க் குழாய் கொர்ரென்று இரைந்து, கொஞ்சம் துப்பிவிட்டு நின்றது. பச்சைத் தண்ணீர்க் குழாயில் குறையே இல்லை. பிளம்பருக்குப் போன் போட்டால் "டேங்குல கோளாறு, கம்பெனிக்காரங்களக் கூப்பிடுங்க" என்கிறார். கம்பெனிக்காரர் "லைன்ல கோளாறு, பிளம்பரக் கூப்பிடுங்க" என்கிறார். இதற்குள் என் மாமியார் செப்பு பாய்லரை வெளியே எடுத்துவைத்து, காபிச் செடி கவாத்து வெட்டிய குச்சிகளை அதில் போட ஆரம்பித்துவிட்டார். வீட்டுக்காரர் சோலாரின் கரண்ட் காயிலைப் போடப் போனார். டேங்கில் தண்ணீர் இருக்கிறதா என்று தெரியாமல் போட்டால் காயில் கருகிவிடும் என்று தடுத்துவிட்டு, நானே மாடி ஏறினேன்.

இந்த மாதிரி சோலாரில் மோட்டார் கிடையாது. டியூபில் சூடான தண்ணீர் தானாக மேலே டேங்குக்கு ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். குழாய்க்குத் தள்ளிவிடுவது மேல்நிலைத் தொட்டியின் உயரம் மட்டுமே. எங்கள் வீட்டில் அந்த உயரமும் கொஞ்சம்தான். பழைய பைப் டேங்கிலிருந்து நேரே கீழே இறங்கியது. புதிய பைப் கைப்பிடிச் சுவரைத் துளைக்காமல், ஒட்டகத் திமில் மாதிரி அதன் மேலே ஏறி இறங்கியிருந்தது. அந்த மேட்டில் காற்று உட்கார்ந்துவிட்டது. பிளம்பர்கள் பாஷையில் ஏர் லாக்.

சரி, வெளியேற்ற வேண்டும். வீட்டிலுள்ள மற்ற வெந்நீர்க் குழாய்களை எல்லாம் மூடினோம். மோட்டார் லைன் குழாயிலிருந்து ஹோஸை இழுத்து, கீழ் பாத்ரூம் வெந்நீர்க் குழாயில் கிளாம்ப் போட்டு இறுக்கி, இரண்டையும் திறந்து மோட்டாரைப் போட்டோம். தண்ணீர் தலைகீழாக மேலே ஏறி, காற்றை டேங்குக்குத் தள்ளி, ஏர் வென்ட் பைப் வழியாக விட்டுவிட்டது. மாடியில் நின்ற பையன் "தண்ணி துப்புதும்மா!" என்று கத்தியதும் நிறுத்தினோம். இதை வெயில் ஏறுவதற்குள் செய்துவிட வேண்டும். டியூப் காலியாகிக் காய்ந்து கிடந்தால், அதில் பச்சைத் தண்ணீர் பட்டதும் விரிசல் விட்டுவிடும்.

தண்ணீர் வந்தது. ஆனால் நல்ல வெயிலடித்த நாளிலும் வெதுவெதுப்புதான். டேங்கை விட்டு வெளியே வரும் பைப்பின் பித்தளை இணைப்பில் (யூனியன்) கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. கீழே குழாயில் அந்தச் சூடு இல்லை. அப்படியென்றால் வழியில் எங்கோ பச்சைத் தண்ணீர் கலக்கிறது. சந்தேகப்பட்டது மாடி பாத்ரூம் மிக்சரை, அதாவது வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும் குழாயை. அதில் புதிதாக மாட்டிய ஹேண்ட் ஷவரின் முனையிலேயே நிறுத்தும் பட்டன் இருக்கிறது. பட்டனை மட்டும் அமுக்கிவிட்டு இரண்டு திருகையும் திறந்தே விட்டிருந்தார்கள். கீழே யாராவது வெந்நீர் திறந்தால், பச்சைத் தண்ணீர் மிக்சர் வழியாகக் குறுக்கே பாய்ந்து வெந்நீர் லைனுக்குள் போய்விடும். அந்த மிக்சருக்குப் பச்சைத் தண்ணீர் விடும் சுவர் வால்வை (ஆங்கிள் காக்) மூடிவிட்டுக் கீழே திறந்து பார்த்தேன். சுட்டது.

தண்ணீர் எதிர்ப்பக்கம் பாயாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு போடலாம் என்றார் பிளம்பர். எங்கள் வீட்டு அழுத்தத்துக்கு ஸ்பிரிங் வைத்த வால்வு வெந்நீரையே மறித்துவிடும், வேண்டாம் என்றுவிட்டேன். திருகை மூடிப் பழகுவது செலவில்லாத வேலை.

திமில் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. சுவரைத் துளைத்து, டேங்கிலிருந்து சரிவாக இறக்கித் தரச் சொல்லியிருக்கிறேன். "பார்க்க நல்லா இருக்காதுக்கா" என்கிறார். மாடிச் சுவரை யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? மீதிக் கூலி அந்த வேலை முடிந்த பிறகுதான்.