ஓரத்தில் ஒரு பென்சில் கணக்கு

2015 அக்டோபரில் நான் தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க்கில் இருந்தேன். கம்பெனி ஒரு வேலைக்காக ஒன்றரை வருடம் அனுப்பியிருந்தது. அலுவலகம் பிராம்ஃபோன்டெயினில், விட்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில். வரவேற்பு மேசையில் இருந்த அம்மாவை எல்லோரும் ‘மாமா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஜூலு மொழியில் அம்மாவுக்கு அதுதான் சொல். ஐம்பது வயதுப் பெண்ணை அப்படிக் கூப்பிட எனக்கு வாய் பழகச் சில வாரங்கள் ஆயின. அப்புறம் அந்த ஊரில் எனக்கென்று இருந்த ஒரே சொந்தம் அவர்தான்.

அவர் மகள் நகரில் வேறொரு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். சொவெட்டோவிலிருந்து இருவரும் இருட்டோடு கிளம்பி ஒரே மினிபஸ் டாக்ஸியில் வருவார்கள். அடுத்த வருடம் கட்டணம் ஏறும் என்று பேச்சு வந்த வாரத்தில், மாமா என் மேசைக்கு வந்து ஒரு தாளை நீட்டினார். மகளின் கட்டண விவரம். ஓரத்தில் பென்சிலால் பத்து சதவீதம் கூட்டிப் போட்டிருந்தார். “கணக்கு சரியா, பார்.” சரியாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி அச்சாகியிருந்தது: முந்தைய பாக்கி.

ஏழை மாணவர்களுக்கு அங்கே அரசின் நிதி உதவித் திட்டம் உண்டு. ஆனால் அப்போது குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,22,000 ராண்டுக்குள் இருக்க வேண்டும். மாமாவும் பஸ் ஓட்டும் அவர் கணவரும் சேர்ந்து சம்பாதித்தது அதைவிடக் கொஞ்சம் அதிகம். இப்படி மாட்டிக்கொண்டவர்கள் அத்தனை பேர் இருந்ததால் அவர்களுக்கு ‘மிஸ்ஸிங் மிடில்’, அதாவது நடுவில் விடுபட்டவர்கள், என்றே ஒரு பெயர் விழுந்திருந்தது.

பல்கலைக்கழகங்களை மட்டும் திட்டிப் பயனில்லை. அவற்றின் வருமானத்தில் அரசின் பங்கு 2000-இல் ஏறக்குறைய பாதி. 2012-இல் அது 40 சதவீதம். விழுந்த துண்டு மாணவர் தலையில் விடிந்தது. குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டிய அப்பாவின் கூலியில் நான் பொறியியல் படித்தது, அரசுக் கல்லூரிக் கட்டணம் என்பதால் மட்டுமே. அதனால்தான் அந்தத் தாள் என்னை அப்படிப் பிடித்துக்கொண்டது.

விட்ஸ் நிர்வாகம் 10.5 சதவீத உயர்வை அறிவித்திருந்தது. அக்டோபர் 14 அன்று அங்கே மாணவர்கள் வாசல்களை மறித்து உட்கார்ந்தார்கள். துணைவேந்தர் ஆடம் ஹபீப் வந்து அவர்கள் நடுவே தரையில் உட்கார வேண்டியதாயிற்று. ஒரு வாரத்துக்குள் போராட்டம் கேப்டவுன் வரை பரவியது. 21-ஆம் தேதி அங்கிருக்கும் நாடாளுமன்றத்தில் நிதியமைச்சர் இடைக்கால பட்ஜெட் உரை வாசித்துக்கொண்டிருக்க, வளாகத்துக்குள் நுழைந்த மாணவர்கள் மீது போலீஸ் ஸ்டன் கிரனேடுகளை, காதை அடைத்துத் திகைக்க வைக்கும் குண்டுகளை, வீசியது.

மறுநாள் ஆளுங்கட்சித் தலைமையகமான லுதுலி ஹவுஸுக்கு ஊர்வலம். காலையிலேயே மாமாவின் மகள் நான்கு தோழிகளோடு அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். அட்டை வேண்டுமாம். பிரிண்டர் காகிதம் வரும் பெட்டிகளின் மூடிகளை எடுத்துக் கொடுத்தேன். வரவேற்பறைத் தரையில் குப்புறப் படுத்து எழுதினார்கள். மார்க்கர் பாதியில் வறண்டது. ‘ஃபீஸ் மஸ்ட் ஃபால்’ என்பதில் கடைசிச் சொல்லை மாமாவின் நீலப் பேனாவால் பத்துப் பதினைந்து தடவை தேய்த்து முடித்தாள். “சாப்பிட்டாயா?” என்பதைத் தவிர மாமா அவளிடம் வேறெதுவும் கேட்கவில்லை.

மதிய இடைவேளையில் நானும் மாமாவும் நெல்சன் மண்டேலா பாலத்துக்குப் போனோம். அவ்வளவு கூட்டம் நான் எதிர்பார்க்கவில்லை. பாடிக்கொண்டே போனார்கள், முழங்கால் தூக்கி ஆடிக்கொண்டே. அந்த நாட்களில் பலர் கையில் இருந்த ஒரு வாசகம் எனக்கு மறக்காது: 1994-இல் எங்கள் பெற்றோருக்குக் கனவை விற்றார்கள், பணத்தைத் திருப்பி வாங்க வந்திருக்கிறோம். நிறவெறி ஆட்சி முடிந்து கறுப்பின மக்களுக்கும் ஓட்டு கிடைத்த அந்த வருடம்தான் மாமா வாழ்க்கையில் முதல் தடவை ஓட்டுப் போட்டவர். அதை வாசித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வெயிலிலும் அவர் கை குளிர்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை 23-ஆம் தேதி, பிரிட்டோரியாவில் அரசுத் தலைமையகத்தின் புல்வெளியில் ஆயிரக்கணக்கானோர் காத்திருக்க, அதிபர் ஜேக்கப் ஜூமா தொலைக்காட்சியில் அறிவித்தார்: 2016-க்கு உயர்வு 0 சதவீதம். அலுவலகத்தில் மேசையைத் தட்டி ஆர்ப்பரித்தோம். மாமா இழுப்பறையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். என்னிடம் ரப்பர் வாங்கிப் பென்சில் கணக்கை அழித்தார். கீழே அச்சாகியிருந்த பாக்கி அப்படியே இருந்தது.

அது வெற்று வெற்றி இல்லை என்று இன்றும் சொல்வேன். 2017 டிசம்பரில், 3,50,000 ராண்ட் வரை வருமானம் உள்ள குடும்பப் பிள்ளைகளுக்கு இலவச உயர்கல்வி என்று அறிவிக்க வைத்தது அந்தப் பிள்ளைகள்தான். மாமாவின் வீடு அந்த வரம்புக்குள் வந்திருக்கும். ஆனால் மகள் 2016-லேயே படித்து முடித்துவிட்டாள். நான் ஊர் திரும்பி வெகுநாள் கழித்து, மாமாவிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. மகளின் பட்டச் சான்றிதழ். பாக்கியின் கடைசித் தவணை கட்டிய மறுவாரம் கொடுத்தார்களாம். தேதியைப் பார்த்தேன், 2019.