ஓட்டுப் போட்டதுதான் குற்றமா?
இலங்கையின் சுதந்திர தினம் வந்தால் ஆளாளுக்கு நாட்டுப்பற்று பற்றி எழுதுகிறார்கள். எனக்கு 1948 பெப்ரவரி 4 என்றதுமே அதே வருஷத்து நவம்பரும் சேர்ந்தே ஞாபகத்துக்கு வரும். சுதந்திரம் கிடைத்து ஒன்பது மாதத்தில் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து, இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த மலையகத் தமிழரில் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். தகப்பன் இந்த மண்ணில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டு அறையில், மருத்துவச்சி கையில் பிறந்தவருக்கு ஏது அத்தாட்சி?

இதன் அநியாயம் விளங்க 1947 தேர்தலைப் பார்க்க வேண்டும். 1931இல் வந்த சர்வசன வாக்குரிமையை வைத்துக்கொண்டு எங்கள் சனம் தங்கள் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரசிலிருந்து ஏழு பேரைப் பாராளுமன்றம் அனுப்பியது, வேறு தொகுதிகளில் இடதுசாரிகள் ஜெயிக்கவும் கைகொடுத்தது. ஒரு பிரஜை செய்ய வேண்டியதைத்தானே செய்தார்கள்? ஆட்சியில் இருந்தவர்களுக்கு அதுவே பயமாகப் போயிற்று. 1949இல் வாக்கையும் பறித்தார்கள்.

அப்புறம் 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று இரண்டு அரசுகளும் பங்கு போட்டுக்கொண்டன, கொழுந்து பறித்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் அப்பாயியின் தங்கச்சி குடும்பம் கோத்தகிரிக்குப் போனது, அப்பாயி ஹட்டனிலேயே இருந்துவிட்டார்.

மிச்சமிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்த 2003 சட்டத்தோடு பிரஜாவுரிமைப் பிரச்சினை ஒருவழியாகத் தீர்ந்தது, சரி. ஆனால் ஊர் ரோடு மாதிரி வேலைகளைப் பார்க்கும் உள்ளூராட்சிச் சபைகளுக்கான 1987ஆம் ஆண்டு பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு பலருக்குத் தெரியாது. தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க அது தடையாக இருந்தது. அதாவது சபைக்கு வாக்குப் போடலாம், அந்தச் சபை நம் ரோட்டைப் போட முடியாது! எங்கள் தோட்டத்தில் மழைக் காலத்தில் ஆட்டோ மேலே ஏறாது, பிரசவ வலி வந்த பெண்ணைக் கதிரையில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு இறங்குவார்கள். சபை உறுப்பினரிடம் போனால் சட்டம் இடம் தராது என்பார், தோட்டத்தை நடத்தும் துரையிடம் போனால் பணமில்லை என்பார். ஒரு நாட்டில் நமக்குப் பங்கு இருக்கிறது என்றால், குறை சொல்லப் போகும்போது பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் இருக்க வேண்டும், நான் நம்புவது இதைத்தான். அந்தப் பிரிவைத் திருத்த 2018 வரை ஆனது.

காணி விஷயம் இன்னும் அப்படியேதான். வீட்டுத்திட்டத்தில் சிலருக்கு ஏழு பேர்ச் நிலம் கிடைத்தது, மற்றவர்கள் பரம்பரை பரம்பரையாக இருக்கும் லயத்தில் ஒரு காம்பராவை இழுத்துக் கட்டுவதென்றாலும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். மேடைக்கு மேடை எங்களைச் சம பிரஜைகள் என்று பேசுகிறவர்கள் முதலில் காணி உறுதியை எங்கள் பெயரில் எழுதித் தரட்டும்.