எண்ணூர் முகத்துவாரத்தில் ஒரு காலை

இன்று காலை எண்ணூர் முகத்துவாரத்தில் நின்றிருந்தேன். தண்ணீருக்குள் உட்கார்ந்து கையாலேயே இறால் தடவுகிறார்கள். அடியில் சேற்றோடு நிலக்கரிச் சாம்பல் கலந்து கிடக்கிறது. மனசு கனத்துவிட்டது.

1970-இல் ஓடத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம், 450 மெகாவாட், 2017 மார்ச்சில் மூடப்பட்டது. நல்ல காரியம். ஆனால் 2024-இல் அதே வட்டாரத்தில் வடசென்னை அனல்மின் நிலையத்தின் மூன்றாம் கட்டம் வந்தது, 800 மெகாவாட். அதுவும் கரிதான். நீராவியை மிக உயர்ந்த அழுத்தத்தில் ஓட்டுவதால் யூனிட்டுக்குக் கரி குறைவாகச் செலவாகும், சரி. எரித்தால் சாம்பல் வராமலா போகும்? நம் நாட்டுக் கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல்தான். அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் செப்பாக்கத்தை ஒட்டிய சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் கசிந்தால் கொசஸ்தலை ஆறுதான் சுமக்கிறது.

தமிழ்நாட்டில் காற்றாலைகள் மட்டுமே 10,000 மெகாவாட்டுக்கு மேல். ஆடிக்காற்றில் கிடைப்பதைச் சேமித்து வைக்கத்தான் வழி போதவில்லை. நீலகிரியில் குந்தாவில் கட்டிவரும் 500 மெகாவாட் நீரேற்று மின்திட்டம் அதற்கானதுதான்: மிஞ்சும் மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றிவைத்து, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுப்பது. அப்படி இன்னும் நாலைந்து வரட்டும். எண்ணூரில் இனி ஒரு கரி உலைகூட வேண்டாம்.