பாளையங்கோட்டையிலிருந்து வியட்நாம் பங்கு

நம்ம ஊர்ல எல்லா வங்கிக் கிளைக்கும், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப நிரப்பும் ஏ2 படிவம் பழக்கமில்லை. அந்நியச் செலாவணி பார்க்கும் கிளைக்கே நேராகப் போங்க. ஒருவர் ஒரு நிதியாண்டில் அனுப்பக்கூடிய உச்சவரம்பு 2,50,000 டாலர். முதலீட்டுக்கு அனுப்புவது 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 20% டிசிஎஸ், அதாவது வங்கி முன்கூட்டியே வசூலிக்கும் வரி. வரிக்கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ஆனா அதுவரை பணம் முடங்கும்.

வியட்நாமில் முதலில் வர்த்தகக் குறியீட்டு எண் (வெளிநாட்டு முதலீட்டாளருக்கான அடையாள எண்) வாங்கணும், பிறகு அந்நாட்டு டாங் நாணயத்தில் மறைமுக முதலீட்டுக் கணக்கு (பங்கு வாங்க, விற்க வெளிநாட்டார் வைக்கும் வங்கிக் கணக்கு) திறக்கணும். இந்தக் கணக்கு வழியாகப் போகாத பணத்தைத் திருப்பி எடுப்பது பெரும்பாடு. ஹோ சி மின் சந்தையில் 100 பங்கு ஒரு லாட், அதாவது ஒரு வர்த்தகத் தொகுதி. வங்கிப் பங்குகளில் வெளிநாட்டார் எல்லாரும் சேர்ந்து வைத்திருக்கக்கூடிய வரம்பு பொதுவாக 30%. அது நிரம்பிவிட்டால் ஆர்டர் போட்டும் கிடைக்காது. விற்கும்போது, லாபமோ நட்டமோ, 0.1% வரி.

இங்கே இந்தியாவில் வருமான வரிக்கணக்கு காட்ட ஐடிஆர்-1 படிவம் செல்லாது. வெளிநாட்டுச் சொத்து அட்டவணையையும் நிரப்பணும். பலர் சறுக்குவது இங்கேதான், அது நிதியாண்டுக்கு இல்லை, ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கான கணக்கு.