கையெழுத்துப் போட அழைக்கப்படாதவர்கள்

மக்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாட்டால்தான் அரசு உருவானது என்பதே சமூக ஒப்பந்தக் கோட்பாடு. அந்தப் பேச்சு எடுத்ததும் 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக்கைத் தலையில் தூக்கிவைத்துக்கொள்கிறார்கள். ஆளப்படுவோரின் சம்மதம் இல்லாமல் அரசுக்கு அதிகாரமில்லை என்று எழுதியவர்தான், மறுக்கவில்லை. ஆனால் 1669இல் அமெரிக்காவில் இருந்த ஆங்கிலேயக் குடியேற்றமான கரோலினாவுக்குச் சாசனம் எழுதப்பட்டபோது, அதன் உரிமையாளர்களுக்குச் செயலாளராக இருந்தவரும் அவரே. அதில் ஒரு பிரிவு: ஒவ்வொரு சுதந்திர மனிதனுக்கும் தன் கறுப்பின அடிமைகள்மீது முழு அதிகாரம் உண்டு, அடிமை எந்த மதத்தவராக இருந்தாலும் சரி. அதாவது, ஞானஸ்நானம் பெற்றாலும் விடுதலை கிடையாது. அடிமை வணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் லாக் பங்கும் வாங்கியிருந்தார். “அந்தக் காலம் அப்படி” என்று சமாளிப்பவர்களே, அந்த அடிமைகளும் அதே காலத்தில்தானே வாழ்ந்தார்கள்?

வெள்ளையர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாட்டைத்தான் மனிதகுலத்தின் ஒப்பந்தம் என்கிறோம் என்று, ஜமைக்காவில் வளர்ந்த தத்துவவாதி சார்லஸ் மில்ஸ் 1997இல் ‘இன ஒப்பந்தம்’ நூலில் வாதிட்டார். அவருக்குத் தூண்டுதல், பெண்ணியச் சிந்தனையாளர் கரோல் பேட்மன் 1988இல் எழுதிய ‘பாலியல் ஒப்பந்தம்’.

பேட்மன் சுட்டிக்காட்டிய முரண் எனக்கு இன்னும் பிடிக்கும். அரசியல் ஒப்பந்தம் செய்யத் தகுதியில்லை என்று பெண்ணை ஒதுக்கியவர்கள், திருமண ஒப்பந்தத்துக்கு மட்டும் அவள் சம்மதத்தைக் கேட்கிறார்கள். என்ன வசதி! அந்தச் சம்மதத்தை மனைவி திரும்பப் பெறவே முடியாது, ஆகவே கணவன்மீது வன்புணர்வுக் குற்றம் சாராது என்று எழுதிவைத்தார் 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய நீதிபதி மாத்யூ ஹேல். இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை அதை 1991இல்தான் தூக்கியெறிந்தது. நமது பாரதிய நியாய சன்ஹிதா, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் புதிதாக எழுதப்பட்ட சட்டம். அதன் 63ஆம் பிரிவில் கணவனுக்கான அந்த விலக்கு இன்னும் இருக்கிறது.