சிலியான்னு நெனச்சு மிட்பாடியை எண்ணின கதை

பிஎச்டி முதல் வருஷம் கைடு குடுத்த வேலை கேக்க சிம்பிளாதான் இருந்துச்சு. எலியோட ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு) செல்லுல, கரு வளர்ச்சிக்கு வழிகாட்டுற ஹெட்ஜ்ஹாக் சிக்னலை ஆன் பண்ணணும், அப்போ ஸ்மூத்தன்ட்ங்கிற புரோட்டீன் பிரைமரி சிலியாவுக்குள்ள போறத படம் எடுத்து காட்டணும், அவ்ளோதான். 2005லயே பேப்பரா வந்துட்ட விஷயம், ரெண்டு வாரத்துல முடிச்சுரலாம்னு நெனச்சேன், மூணு மாசம் இழுத்துருச்சு.

மூச்சுக்குழாய்ல கூட்டமா அசையுமே, அந்த சிலியா இல்ல இது. இது பொதுவா அசையாது, ஒரு செல்லுக்கு ஒண்ணே ஒண்ணு, சில மைக்ரான் நீளத்துல ஒத்தை முடி மாதிரி நீட்டிட்டு இருக்கும், வெளிய இருந்து வர்ற சிக்னலை வாங்குற ஆன்டெனா. ரொம்ப நாளா ஒண்ணுக்கும் உதவாத மிச்சசொச்சம்னு ஒதுக்கி வச்சிருந்தாங்க, 2000ல சிலியா கட்டுற ஜீன் கெட்டுப்போன எலிக்கு கிட்னில நீர்க்கட்டி வர்றதோட தொடர்பு தெரிஞ்சுது, 2003ல ஹெட்ஜ்ஹாக்கும் இதை நம்பித்தான் ஓடுதுன்னு வந்துச்சு, அப்புறம்தான் இதுக்கு மவுசு.

சரி என் கதைக்கு வரேன். சிலியாவுல இருக்கற அசிட்டைலேட்டட் டியூபுலின்ங்கிற புரோட்டீனை தேடிப் போய் ஒட்டி மின்ன வைக்கற ஆன்டிபாடி போட்டு பார்த்தா பளிச்சுனு சின்ன சின்ன குச்சிங்க, சந்தோஷமா எல்லாத்தையும் எண்ணி சீனியர் அக்காகிட்ட கொண்டு போனேன். ரெண்டு செகண்ட் பார்த்தாங்க, "இதெல்லாம் மிட்பாடி டா"ன்னுட்டாங்க. செல் ரெண்டா பிரிஞ்சு முடியறப்போ நடுவுல ஒட்டிட்டு இருக்கற பாலம் அது, அதே ஆன்டிபாடில அதுவும் மின்னும். உத்துப் பார்த்தா ரெண்டு செல்லுக்கு நடுவுல இருக்கும், குச்சி மத்தியில கருப்பா ஒரு இடைவெளி தெரியும். எனக்கு எங்க தெரிஞ்சுது.

அதாவது நான் 10% சீரம் (செல் வளர சத்து குடுக்கற ரத்த நீர்) ஊத்தி நல்லா தீனி போட்டு வளர்த்திருக்கேன், அதுங்க பிரிஞ்சுகிட்டே இருக்கு. சிலியாவோட அடியில இருக்கறது சென்ட்ரியோல்ங்கிற குட்டி உருளை, செல் பிரியறப்போ அதுக்கு அங்க வேற வேலை இருக்கு, அதனால செல் ஆன்டெனாவை உள்ள இழுத்துக்கும். சிலியா முளைக்கணும்னா டிஷ் நிறையற வரைக்கும் செல்லை வளர விட்டு, சீரத்தை 0.5%க்கு குறைச்சு ஒரு நாள் பட்டினி போடணும். நான் அடுத்து பட்டினி மட்டும் போட்டேன், டிஷ் பாதி காலி, அதுலயும் ஒண்ணும் பெருசா வரல. நெருக்கமா வளர விட்டப்புறம்தான் செல்லுக்கு ஒண்ணா முளைச்சுது. அதுவும் நியூக்ளியஸை ஃபோகஸ் பண்ணா தெரியாது, கொஞ்சம் மேல ஏத்தணும்.

அடுத்த கூத்து, சிக்னலை ஆன் பண்ற மருந்து போடாத, ஒப்பிட வச்ச கன்ட்ரோல் டிஷ்லயும் ஸ்மூத்தன்ட் சிலியாவுல ஜொலிக்குது! ஒரு வாரம் மண்டை காய்ஞ்சு கடைசில பார்த்தா ஸ்மூத்தன்டுக்கும் சிலியா மார்க்கருக்கும் நான் எடுத்த ரெண்டு ஆன்டிபாடியுமே முயல்ல செஞ்சது, முயல் ஆன்டிபாடியை தேடி ஒட்டி கலர் குடுக்கற செகண்டரி ஆன்டிபாடி ரெண்டுலயும் போய் ஒட்டிருக்கு. மார்க்கரை மட்டும் சுண்டெலி ஆன்டிபாடிக்கு மாத்துனேன், கன்ட்ரோல் இருட்டாயிடுச்சு.

சாதாரணமா பேட்ச்டுங்கிற ரிசெப்டர் சிலியாவுல நின்னு ஸ்மூத்தன்டை அடக்கி வச்சிருக்கும், ஹெட்ஜ்ஹாக் வந்து ஒட்டுனா பேட்ச்டு வெளிய போயிரும். நான் போட்ட எஸ்ஏஜி மருந்து பேட்ச்டை கண்டுக்காம நேரா ஸ்மூத்தன்டையே பிடிச்சு தூண்டி விடும். அதை போட்டு எடுத்த டிஷ்ல குச்சி முழுக்க ஸ்மூத்தன்ட் பச்சையா நிறைஞ்சிருந்துச்சு, அந்த படத்தை போன்ல வால்பேப்பரா வச்சிருக்கேன், சிரிக்காதீங்க.

இப்போ ஸ்மூத்தன்ட் இருக்கற சிலியாவை உக்காந்து எண்ணிட்டிருக்கேன். எது மருந்து டிஷ்னு தெரியக்கூடாதுன்னு லேபிள் மேல எல்லாம் அக்கா டேப் ஒட்டிட்டாங்க.