சிட்டு பழகுகிறாள்

ஜூன் 3

சிட்டு மூன்று வயதுப் பெண் குதிரை. துள்ளல் ஜாஸ்தி. இன்று தலைக்கயிறு மாட்டவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு முறையும் முகத்துக்கு நேராகக் கையை நீட்டினேன், ஒவ்வொரு முறையும் வெடுக்கென்று தலையைத் தூக்கினாள். லாயத்து அண்ணன் வேலியில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெத்திக்கு நேரா நின்னா அவளுக்குத் தெரியாது தம்பி. தோள் பக்கமா போ."

குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில். ஏறக்குறைய 350 பாகை சுற்றிப் பார்த்துவிடும். மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும்தான் பார்வை எட்டாது. நான் பாசமாக நீட்டிய கை, அவளுக்கு எங்கிருந்தோ முளைத்த கை.

ஜூன் 5

மழை. தேய்த்துவிட்டதோடு சரி.

ஜூன் 9

பின்வாங்கப் பழக்கினேன். மூக்கு வாரில் இரண்டு விரலால் லேசாக அழுத்த வேண்டும். ஓர் அடி பின்னால் வைத்தாளா, அந்தக் கணமே விட்டுவிட வேண்டும். அழுத்துவது கேள்வி மட்டும்தான். விடும்போதுதான் "நீ செய்தது சரி" என்பது அவளுக்குப் புரியும்.

நான் என்ன செய்தேன்? ஓர் அடி வந்ததும் இன்னோர் அடிக்கு ஆசைப்பட்டு விடாமல் பிடித்தேன். மூன்றாவது முறை காதுகளைப் பின்னால் ஒட்ட மடித்து, முன்னங்கால்களைத் தூக்கிவிட்டாள். கயிறு உள்ளங்கையில் உருவிக்கொண்டு ஓடியது. கத்தினேன். மைதானத்தின் அந்தக் கோடிக்குப் போய் நின்றுகொண்டாள்.

அண்ணன் திட்டவில்லை. "கூப்பிட்டே, வந்துட்டா. வந்த பிறகும் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா யாருக்குத்தான் கோவம் வராது?"

ஜூன் 10

கை எரிகிறது. கையுறை போடாமல் போனது என் திமிர்.

ஜூன் 16

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஹான்ஸ் என்றொரு குதிரை இருந்தது. கணக்குக் கேட்டால் குளம்பால் தட்டி விடை சொல்லும். ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் சோதித்துப் பார்த்து 1907-ல் குட்டை உடைத்தார். கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரியாது. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலை, அவரே அறியாமல், மயிரிழை அசையும். அதைப் பார்த்துத்தான் தட்டுவதை நிறுத்தியிருக்கிறது.

கணக்குத் தெரியாத குதிரை என்று சிரிக்க இந்தக் கதையைச் சொல்வார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த அசைவையே படிக்கிற பிராணி, நான் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை மணி பார்ப்பதைப் படிக்காதா?

வாட்சைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டுப் போனேன். முதுகில் துணி போட்டேன், எடுத்தேன், மறுபடி போட்டேன். எத்தனை முறை என்று எண்ணவில்லை. தலை மெல்லத் தாழ்ந்தது. நாக்கைச் சுழற்றி வாயை மென்றாள். பாடம் புரிந்ததற்கு அடையாளம் என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. பதற்றம் இறங்கிற்று என்ற அளவில் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஜூன் 24

எப்போது ஏறப்போகிறாய் என்று கேட்காத ஆள் இல்லை. உயரம் வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் குதிரையின் உடம்பில் கடைசியாக முற்றுவது முதுகெலும்பு. அதற்கு ஐந்து வயதும் தாண்ட வேண்டும். போதாக்குறைக்கு இந்த வயதில் பால் பற்கள் விழுந்து புதுப் பற்கள் முளைக்கும். கடிவாளத்துக்கும் அவசரமில்லை.

ஜூன் 27

வெறும் சேணம், முதல் முறை. வயிற்று வாரை ஒவ்வொரு துளையாக இறுக்கினேன், நடுவே ஒரு சுற்று நடை. இரண்டு துள்ளு துள்ளினாள். கயிற்றைத் தளர்த்தி நின்றேன். தானாக நின்றாள்.

ஜூலை 2

எல்லாம் பாழ். இரவுக் காற்றில் கூரை மேல் போட்டிருந்த தார்ப்பாய் பிய்ந்து விடிய விடிய அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. காலையில் போனால் தலைக்கயிற்றைக் கண்டாலே மிரள்கிறாள், முதல் நாள் மாதிரியே. மூக்கு விடைத்து, கண்ணில் வெள்ளை தெரிகிறது.

சேணத்தைத் திரும்ப உள்ளே வைத்தேன். வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அவளுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்தேன். வெயில் ஏறிற்று. ஈ மொய்த்தது. ஒரு காது என் பக்கம் திரும்பியது, அப்புறம் இன்னொன்று. எழுந்து தோள் பக்கமாகப் போய்த் தலைக்கயிற்றை மாட்டினேன். மூச்சு விடும் நேரம்தான். உடனே கழற்றிவிட்டேன்.

வாளியை எடுத்துக்கொண்டு திரும்பினேன். அண்ணன் இன்று வேலிப் பக்கமே வரவில்லை.